படத்தில் இருந்த சாமான்

கனகராஜின் வீட்டை முதல் தடவை படம் எடுத்தபோது அதில் வீட்டைவிடத் துணிதான் அதிகமாகத் தெரிந்தது. முன்வாசல் கம்பியில் அவன் கைலி, மகள் தினேஸ்வரி கிளினிக்குக்குப் போட்டுப் போகும் நீலச் சட்டை, மனைவி நவமணியின் மஞ்சள் கறை போகாத சமையல் துணிகள். வாசலில் ஒன்பது ஜோடிச் சிலிப்பர். வீட்டில் இருப்பது மூன்று பேர். ஹாலை எடுத்த படத்தில் மேசைக்கு அடியில் அரிசி மூட்டை. சுவரில் சாய்ந்தபடி செம்பனைக் குலை வெட்டும் நீளக் கம்பு. அந்த வேலையை அவன் விட்டு ஆறு வருடம் ஆகிறது.

அந்தப் படங்களை தினேஸ்வரி வீடு விற்கிற தளத்தில் போட்டு இரண்டு மாதமானது. இரண்டே பேர்தான் போன் செய்தார்கள். ஒருவர் வாடகைக்கு விடுவீர்களா என்று கேட்டார். இன்னொருவர் காப்புறுதி விற்கிறவர்.

எங்கள் தாமான் குடியிருப்பு, பத்து காஜாவிலிருந்து ஈப்போ போகிற சடக்கு ஓரத்தில், முன்பு கித்தா ரப்பர்த் தோட்டம் இருந்த இடத்தில் இருக்கிறது. தோட்டத்தை விற்றபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவர்களுக்கு என்று இருபத்திரண்டு வீடுகள் ஒரே வரிசையாகக் கட்டினார்கள். மாதாமாதம் கட்டி அவரவர் வீட்டை அவரவர் பேருக்கு மாற்றிக்கொண்டோம். கனகராஜ் வீடு பதினோராம் நம்பர். என் வீடு பதின்மூன்று. நடுவில் குமுதா வீடு.

இந்த வீட்டை விற்க வேண்டும் என்று நவமணிக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பது எங்கள் வரிசை முழுக்கத் தெரியும். ஈப்போவில் சதாசிவம் என்பவருடைய வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் பத்தொன்பது வருடமாக நவமணிதான் சமைக்கிறாள். விடியுமுன் எழுந்து, கனகராஜ் ஓட்டுகிற பாக்டரி வேனில் ஏறி, போகிற வழியில் இறங்கிக்கொள்வாள். சதாசிவத்துக்கு வயதாகிவிட்டது. ஜொகூரில் மகன் வீட்டோடு போகப்போகிறார். போகிறவர் நவமணியைக் கூப்பிட்டு, "கடையை நீயே எடுத்துக்கிறியா? மேல ரெண்டு ரூம் இருக்கு, நீங்க தங்கிக்கலாம். வேற ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். மாசக் கடைசி வரைக்கும் அவனை நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாதுலா" என்றாராம்.

வீட்டை விற்றால்தான் கடை. வேறு வழி கிடையாது. மாதக் கடைசிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் நான் புல் வெட்டும் வேலை முடிந்து வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது தினேஸ்வரி அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ராஜு மாமா, வாங்க. நம்ம படம் எல்லாமே தப்பு. சாமான் கொறச்சலா இருக்கணுமாம். சன்னலத் தொறந்து வெச்சு காலையில எடுக்கணுமாம். மூலையில நின்னு எடுத்தா ரூம் பெருசாத் தெரியும். கக்கூசு மூடிய மூடி வெக்கணும்."

"கக்கூசையுமா படம் எடுப்பாங்க?" என்றான் கனகராஜ்.

"அதத்தான்பா மொதல்ல பாப்பாங்க."

"அப்ப அன்னிக்கு நான் எங்க போறது?"

நவமணி உள்ளேயிருந்து வெங்காயத் தட்டோடு வந்தாள். கடையில் நாள் முழுக்க உரித்தது போதாதென்று வீட்டிலும் உரித்தாள்.

"சாமானத் தூக்கிட்டா வெறும் சுவருதான இருக்கும்? எழவு வீடு மாரி. யாரு வாங்குவா? பொண்ணு பாக்க வரும்போது கழுத்துல ஒண்ணுமில்லாமயா நிக்க வெப்பாங்க?"

அவள் சொன்னதும் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது. லயத்தில் பெண் பார்க்க வருகிற நாளில் அந்த வீட்டில் இருக்கும் சாமான் எதுவும் அந்த வீட்டுச் சாமானாக இருக்காது. நாற்காலி ஒரு வீட்டிலிருந்து வரும். கண்ணாடிக் கிளாஸ் ஒரு வீடு, சன்னல் துணி ஒரு வீடு. பெண்ணின் காதில் ஆடும் தோடு கோடி வீட்டுக்காரியுடையது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். அவர்கள் லயத்திலும் அதுதானே நடக்கிறது. யாரும் கேட்கமாட்டார்கள். தப்பித் தவறிக் கேட்டுவிட்டால் பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் வீட்டுக்குப் பெண் அலங்காரம் செய்தோம்.

நானும் கனகராஜும் முந்தின நாளே முன்பக்க இரும்புக் கேட்டைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுச் சாயம் அடித்திருந்தோம். வாசல் சுவரில் படிந்த பாசியை நவமணி சிரட்டையை உளிபோலப் பிடித்துச் சுரண்டினாள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மூன்று மணியானால் மேகம் சுண்ணாம்பு மலையைத் தாண்டி இறங்கிவிடும். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அரிசி மூட்டை, பழைய அலமாரி, குலைக் கம்பு, ஓடாத மூன்று காற்றாடிகள் எல்லாம் என் வீட்டுக்குப் போயின. பிறகு மற்ற வீடுகளிலிருந்து சாமான்கள் வரத் தொடங்கின. நாலாம் நம்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. கோடி வீட்டுப் பெரிய டிவி. என் மனைவி நல்லம்மாள் தீபாவளிக்கென்று தைத்து மடித்து வைத்திருந்த பச்சைச் சன்னல் துணி. கடைசியில் குமுதாவின் சோபா.

மூன்று பேர் உட்காரும் சோபா, ஈரல் நிறம். வாங்கி இரண்டு வருடமாகிறது, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக்கை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

"பிளாஸ்டிக்கப் பிக்கக் கூடாதுலா. பெரியவன் கல்யாணத்துக்குத்தான் பிக்கணும்ன்னு வெச்சிருக்கேன்."

"பெரியவனுக்கு வயசு பன்னெண்டு," என்றான் கனகராஜ்.

"இருக்கட்டுமே. சோபா என்னா ஓடியா போயிரும்?"

தினேஸ்வரி குளியலறை முக்காலியில் ஏறி, ஹால் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, போனைப் படுக்கவாட்டில் பிடித்து எடுத்தாள். எங்களை எல்லாம் வெளியே துரத்திவிட்டாள். இருபது பேர் சடக்கில், மூச்சு விட்டால் படம் ஆடிவிடும் என்பதுபோல் பேசாமல் நின்றோம். பிளாஸ்டிக் பளபளத்ததால் ஒரு சன்னலைப் பாதி சாத்தச் சொன்னாள். சமையலறைச் சுவரில் மழை ஒழுகிக் கறை பிடித்த இடத்தில் கோவில் காலண்டர் ஒன்றைத் தொங்கவிட்டாள் நவமணி. பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. நவமணி ஒரு பெரிய சட்டியில் மீகூன் என்கிற அரிசிச் சேமியாவை வதக்கி, நெத்திலி சம்பலோடு கொடுத்தாள். சாப்பிட்ட கையோடு சாமான்களை அந்தந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சோபாவைக் குமுதா வீட்டில் இறக்கி வைக்கும்போது முதல் துளி விழுந்தது.

படங்களைப் பார்த்தால் எங்களுக்கே நம்ப முடியவில்லை. அது பதினோராம் நம்பர் வீடு மாதிரியே இல்லை.

"இந்த வீட்ட நானே வாங்குவேன்லா," என்றான் கனகராஜ்.

அதன் பிறகு ஐந்து பேர் போன் செய்தார்கள். மூன்று பேர் பாதி விலைக்குக் கேட்டார்கள். ஒருவர் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. ஐந்தாவது போன் புதன்கிழமை சாயங்காலம் வந்தது. தினேஸ்வரி குளித்துக்கொண்டிருந்ததால் அதை எடுத்தவன் கனகராஜ்.

அவன் பேசிவிட்டு வந்து சொன்னபோது நானும் அங்கே இருந்தேன்.

"ஒரு மிஸ்ஸி. ஈப்போ ஆஸ்பத்திரியில நர்சு வேல செஞ்சு ரிட்டயர் ஆனவங்களாம். பூமணின்னு பேரு. யாழ்ப்பாணத்து ஆளு போல, தமிழ் அப்பிடி இருக்கு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு வாராங்க."

நவமணியின் முகம் மலர்ந்தது. "வேற என்னா கேட்டாங்க?"

"படத்துல இருக்கிற சாமானெல்லாம் வீட்டோட வருமான்னு கேட்டாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வரும்ன்னேன்."

அவள் கையிலிருந்த கரண்டி சட்டியோரத்தில் அப்படியே நின்றது. "ஏங்க அப்பிடிச் சொன்னீங்க?"

"கேட்ட ஒடனே வாய் சொல்லிருச்சு. பொண்ணப் பெத்தவன் எவனாச்சும் 'தோடு எங்களது இல்ல'ன்னு சொல்லுவானா?"

"அப்பா, இது பொண்ணு இல்ல, வீடு," என்றாள் குளித்து வந்த தினேஸ்வரி. "போன் போட்டு உண்மையச் சொல்லிருவோம்."

"சொன்னா வர மாட்டாங்க."

"வராட்டி போகட்டும்."

"மாசக் கடைசிக்கு எத்தன நாளு இருக்கு?"

நவமணி அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். பத்தொன்பது வருடம் இன்னொருவர் அடுப்பில் நின்ற பெண். கடைசியில், "ஞாயித்துக்கெழம மட்டும் கொண்டாந்து வெப்போம். வீடு புடிச்சிருச்சுன்னா அப்பறம் சொல்லிக்கலாம்" என்றாள். சொன்ன குரலில் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குத் தொடங்கினோம். ஒரு விஷயத்தை நாங்கள் யோசிக்கவில்லை. போன தடவை கேட் கழற்றியிருந்தது. இப்போது அதை நன்றாக மாட்டி, கீலுக்கு எண்ணெயும் விட்டிருந்தோம். சோபா பாதி நுழைந்தது, பிறகு நின்றுவிட்டது. உள்ளே கனகராஜ் இழுத்தான். வெளியே நானும் குமுதாவின் கணவனும் தள்ளினோம். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. சாப்பாட்டு மேசை காலை மேலே தூக்கிக்கொண்டு சடக்கில் கிடந்தது. கோடி வீட்டுக்காரர் டிவியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார். நல்லம்மாள் சன்னல் துணியைத் தலையில் வைத்திருந்தாள்.

அப்போது ஒரு சின்ன வெள்ளைக் காடி வந்து நின்றது. மணி ஒன்பதேகால்.

இறங்கிய அம்மாவுக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். கட்டையான தேகம், வெட்டிய நரைமுடி, கையில் குடை. மேசையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு சோபாவைப் பார்த்தார்.

"இதுதானே கனகராஜின்ர வீடு? நான் பூமணி. கொஞ்சம் வெள்ளென வந்திட்டன். வார்டிலயும் எனக்கு அதுதான் பழக்கம்."

சோபாவுக்கு அந்தப் பக்கமிருந்து கனகராஜின் குரல் மட்டும் வந்தது. "வாங்க மிஸ்ஸி, உள்ள வாங்க!"

"எந்தப் பக்கத்தால வாறது?" என்றார் அவர்.

நான் பதறிப்போய் சோபாவை ஒரு முறை பலமாகத் தள்ளினேன். கேட் தாழ்ப்பாளில் மாட்டி பிளாஸ்டிக் பர்ரென்று கிழிந்தது.

"ஐயோ! என் சோபா!" என்று குமுதா கத்தினாள். கத்திய பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

பூமணி மிஸ்ஸி அவள் பக்கம் திரும்பினார். "உங்கட சோபாவோ? படத்தில இந்த வீட்டுக்குள்ள எல்லோ இருந்தது?"

குமுதா என்னைப் பார்த்தாள். நான் கோடி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்தார். கனகராஜ் மட்டும் சோபாவுக்கு மேலே தலையை நீட்டி, "அது வந்து மிஸ்ஸி, இப்பத்தான் அவங்ககிட்ட..." என்று எதையோ தொடங்கினான்.

"பேசாம இருங்க," என்றாள் நவமணி.

முன்பக்கம் அடைத்துக்கொண்டதால் அவள் சமையலறை வழியாகப் பின்சந்துக்கு இறங்கி, கோடி வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சோபா குமுதாவுது. டிவி கோடி வீட்டுது. மேச நாலாம் நம்பரு. சன்னல் துணி நல்லம்மா தச்சது. எங்க சாமான் ராஜு அண்ணன் வீட்டுல கெடக்கு, பாத்தா நீங்களே வேணாம்பீங்க. வீடு நல்லாத் தெரியணும்ன்னு எரவல் வாங்கி வெச்சுப் படம் எடுத்தோம். போன்ல இவரு சொன்னது பொய். இன்னிக்கும் அந்தப் பொய்யத்தான் செய்யப் பாத்தோம். நீங்க கோவிச்சுக்கிட்டுப் போறதுன்னா போங்க. கோப்பி போட்டுட்டேன், அத மட்டும் குடிச்சிட்டுப் போங்க."

மிஸ்ஸி குடையைத் தரையில் இரண்டு முறை தட்டினார்.

"நீர் இப்ப வந்த பாதையால நானும் வரலாமோ?"

நவமணி முன்னால் நடக்க, அவர் பின்சந்து வழியாகப் போனார். நானும் தினேஸ்வரியும் பின்னாலேயே போனோம். எங்கள் வீடுகளின் பின்பக்கம் பார்ப்பதற்கு அழகில்லை. காயும் துணி, உலரும் கருவாடு, உடைந்த வாளியில் நட்ட கறிவேப்பிலை. ஒவ்வொரு பின்கதவிலும் ஒருத்தி நின்று, "பசியாறியாச்சா மிஸ்ஸி?" என்று கேட்டாள். அவர் ஒவ்வொருத்திக்கும் நின்று, "ஓம், ஓம்" என்று பதில் சொன்னார்.

வெறும் ஹாலைப் பார்த்தார். அறைகளைப் பார்த்தார். சமையலறையில் நவமணி தானாகவே காலண்டரைக் கழற்றினாள். சுவரில் பாய் அகலத்துக்குப் பழுப்புக் கறை.

"இதையும் பாத்துக்கங்க. மழ பெஞ்சா ஒழுகும். தார் பூசினோம், நிக்கல."

"அம்மா!" என்றாள் தினேஸ்வரி.

"சும்மா இரு. காட்டுறதுன்னு ஆச்சு, எல்லாத்தையும் காட்டிருவோம்."

கடைசியாகக் குளியலறை. மிஸ்ஸி செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துப் பார்த்தார்.

"வழுக்குமோ?"

"வழுக்கும்."

"பிடிக்கக் கம்பி இல்லையோ?"

"இல்ல மிஸ்ஸி."

அவர் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சுவரைத் தடவினார். "நான் இருக்கிற பிளாட் பதினோராம் மாடி. நல்ல வடிவான இடம். மகள் கௌசிகா மெல்பனில இருந்துகொண்டு படம் பாத்துத்தான் வாங்கித் தந்தவள். போன வருசம் குளிக்கேக்க விழுந்திட்டன். காலமை விழுந்தனான், பின்னேரம் வரைக்கும் கிடந்தன். எத்தினை தரம் கத்தினன் எண்டு தெரியாது. பக்கத்து வீட்டில ஆக்கள் இருந்தவையாம். கேக்கேல்லையாம்."

"இங்க அந்தக் கவலையே இல்ல மிஸ்ஸி," என்றாள் நவமணி. "இருமுனாக்கூட அந்தப் பக்கம் கேக்கும். அதுவே பெரிய தொல்ல. புருசன் பொண்டாட்டி ஒரு வார்த்த சண்ட போட முடியாது."

மிஸ்ஸி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, சத்தமில்லாமல், சாதாரணமாகப் பேசுகிற குரலில், "ஆரும் இருக்கிறியளோ?" என்றார்.

"இருக்கேன் மிஸ்ஸி!" என்றது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குமுதாவின் குரல். "என்னா வேணும்? பீலியில தண்ணி வரலயா?"

மறுபக்கச் சுவருக்கு அப்பாலிருந்து பத்தாம் நம்பர் வீட்டுக் கிழவர், "யாருலா விழுந்தது?" என்றார்.

மிஸ்ஸி சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். துடைக்கும்போது உதடு கோணியது. நான் தரையைப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் வேலைப் பேச்சு. கூரையை ஒழுகாமல் செய்து தர வேண்டும். குளியலறையில் கம்பி இரண்டு, சொரசொரப்பான கல். இவை முடிந்தால் கேட்ட விலையில் பேரம் இல்லை. நாளைக்குக் காலையில் வக்கீல் அலுவலகத்தில் முன்பணம், கையெழுத்து.

"அந்தக் கூரைய நானே பாத்துக்கிறேன்," என்றேன். ஓடு மாற்றுவது எனக்குத் தெரிந்த வேலைதான். இத்தனை நாள் தாரைப் பூசி ஒப்பேற்றியதும் நான்தான், அதை மட்டும் சொல்லவில்லை.

கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு மிஸ்ஸி முன்வாசலுக்கு வந்தார். சோபா இன்னும் கேட்டில்தான் நின்றது.

"ஒண்டு சொல்ல மறந்திட்டன். இந்தச் சோபா எனக்கு வேண்டாம். பிளாஸ்டிக்கில இருக்க ஏலாது, வேர்க்கும்."

"யாரு குடுக்கிறேன்னா?" என்றாள் வெளியே நின்ற குமுதா.

சடக்கில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சோபாவின் முதுகில் சாய்ந்திருந்த கனகராஜ் சிரித்த சிரிப்பில் அது ஒரு சாண் நகர்ந்தது.

கேட்டைக் கழற்றித்தான் சோபாவை வெளியே எடுத்தோம். சுண்ணாம்பு மலைப் பக்கம் அன்று நேரத்தோடு இருட்டிக்கொண்டு வந்தது. மேசை போனது, டிவி போனது, கனகராஜ் சன்னல் துணியை மடித்து நல்லம்மாளிடம் கொடுத்தான். நான் கேட்டை மாட்டக் கீலைத் தேடி ஹாலுக்குள் போனபோது நவமணி வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தாள். தினேஸ்வரி பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"அண்ணே, நான் நவமணி. கடையை அந்த ஆளுக்குச் சொல்லிராதீங்க... ஆமா, வித்துருச்சு. நாளைக்குக் காலையில கையெழுத்து... இல்லண்ணே, வேலைக்கு வாரேன். கையெழுத்துப் போட்டுட்டு நேரா அங்கதான் வாரேன்."

சதாசிவம் அந்தப் பக்கத்தில் ஏதோ நீளமாகப் பேசினார். அவள் ம் கொட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"அண்ணே, இன்னொண்ணு. நாளையிலேர்ந்து மீன் கறிக்குப் புளிய நான் கரைக்கிறேன். இத்தன வருசமா சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க கரைக்கிறது தண்ணியா இருக்கு."